பரண் நிறைய மூட்டை

1

போன வாரம் எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்துக் கூலி வரிசை வீடுகளுக்கு, வெள்ளைப் பொடி அடிக்க ஆள் வந்தார்கள். ஜப்பான்காரன் போய் வெள்ளைக்காரன் திரும்பிய பிறகு எங்கள் தோட்டத்துக்கு வந்த முதல் நன்மை இதுதான். அரிசி இன்னும் ஒழுங்காக வரவில்லை, பூச்சி மருந்து வந்துவிட்டது. முதுகில் தகர டின் கட்டிய இரண்டு பேர், அவர்களுக்கு முன்னால் பென்சிலும் கையுமாக ஒரு கிராணி. கிராணி என்றால் கணக்கப்பிள்ளை. தோட்டத்தில் துரைக்கு அடுத்த கடவுள். அவர் ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"வீட்ல மூட்டை இருக்கா?"

என் அம்மா கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "இல்லைங்க."

"ஒண்ணு ரெண்டு கூடவா இல்ல?"

"சத்தியமா இல்லைங்க. எங்க வீட்ல எந்தக் காலத்துலயும் இருந்ததில்ல."

அம்மாவின் தலைக்கு மேலே, சுவரில், ஒரு பெரிய மூட்டைப்பூச்சி நிதானமாக நடந்துகொண்டிருந்தது. கிராணி அதைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"அப்ப அது யாரும்மா, உங்க சொந்தக்காரரா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூட்டை என்ற சொல்லை என் அம்மா ஏன் வாயால் சொல்வதில்லை என்று எனக்குத் தெரியும். கப்பல் தபால் திறந்ததும் ஊரிலிருந்து வந்த முதல் விசாரிப்பு, "ஜப்பான் காலத்தில் நீங்கள் எல்லாரும் சௌக்கியமாகத்தானே இருந்தீர்கள்?" என்பது. சௌக்கியம் எப்படி இருந்தது என்று இங்கே எழுதுகிறேன். மலாயாவில் மரத்தைக் கீறினால் வெள்ளி கொட்டும் என்று இன்னும் நம்புகிறவர்கள் முதலில் இதைப் படிக்கட்டும்.

2

நான் பிறந்தது துறையூர்ப் பக்கம். கைக்குழந்தையாகக் கப்பலேறினேன். எங்கள் வம்சத்தில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான்தான். ஆண்பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியை முடித்து, சுங்கைப் பட்டாணியில் ஆங்கிலப் பள்ளிக்கும் போனேன். "பொட்டப்புள்ள இங்கிலீசு படிச்சி துரையவா கட்டப் போவுது?" என்று கேட்டவர்கள், வீட்டுக்குத் தந்தி வந்தால் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

ஜப்பான்காரன் வந்ததும் பள்ளி மூடிவிட்டது. நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் உதவிக்குச் சேர்ந்தேன். அங்கே டாக்டர் கிடையாது. டிரஸர் ஒருவர் உண்டு. காயம் கட்டுவது, ஊசி போடுவது, மருந்து கொடுப்பது, இறந்தவர்களுக்குக் காரணம் எழுதுவது எல்லாம் அவர்தான். மருந்து தீர்ந்துபோயிருந்தது. மீதி இருந்தவை ஒரு ஸ்டெதாஸ்கோப், காலிப் போத்தல்கள், வெப்ப நாட்டு நோய்களைப் பற்றிய தடிமனான ஓர் ஆங்கிலப் புத்தகம். எங்களால் குணப்படுத்த முடியாத அத்தனை நோய்களையும் உட்கார்ந்து படிக்க எனக்கு நிறைய நேரம் கிடைத்தது.

அந்தப் புத்தகத்தில்தான் எங்கள் வீட்டுப் பூச்சியைப் படமாகப் பார்த்தேன். ஊரில் கட்டில் இடுக்கில் இருக்கும் சின்ன மூட்டைப்பூச்சியை நினைத்துக்கொள்ளாதீர்கள். அது இதற்குத் தூரத்து உறவு, ஏழை உறவு. இது விரலின் ஒரு கணு நீளம். கறுத்த உடம்பு, வயிற்றோரத்தில் சேலைக்குக் கரை போட்டதுபோல் செம்மஞ்சள் கோடு, மடித்து வைத்துக்கொள்கிற ஊசி மூக்கு. சிறகும் உண்டு. லயத்தில் 'பறக்குற மூட்டை' என்பார்கள். அவ்வளவாகப் பறப்பதில்லை, நடந்தே காரியத்தை முடித்துக்கொள்ளும்.

முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்குச் சிறகு கிடையாது. ஐந்து முறை சட்டை உரித்தால்தான் சிறகு முளைக்கும். ஒவ்வொரு முறை உரிப்பதற்கும் வயிறு நிறைய ரத்தம் வேண்டும். தோட்டத்தில் சின்னக் கிராணி பெரிய கிராணி ஆவதும் ஏறக்குறைய இந்த முறையில்தான். ரத்தம் கிடைக்காவிட்டால் சாவதில்லை, காத்திருக்கும். ஜாம் போத்தலில் ஒரு குஞ்சைப் போட்டு மூடி வைத்தேன். நாங்கள் மரவள்ளிக்கிழங்குக்கு மாறி, அதுவும் குறைந்து, எலும்பும் தோலுமாக ஆன பிறகும் அது போத்தலுக்குள் தெம்பாக உட்கார்ந்திருந்தது.

அதன் சொந்தச் சாப்பாடு எலியின் ரத்தம். எலி எங்கே கூடு கட்டுகிறதோ அங்கே இதுவும் குடியிருக்கும். ஜப்பான் காலத்தில் எல்லாரும் காய்ந்த மரவள்ளியைப் பரணில் ஏற்றி வைத்தோம். எலி பெருகியது. பூனைகள் குறைந்தன, ஏன் குறைந்தன என்று எழுதமாட்டேன், பசித்தவர்கள் மானம் காக்கப்பட வேண்டும். எலி பெருக, மூட்டையும் பெருகியது. பெருகிய கூட்டம் இருட்டியதும் கீழே இறங்கியது. மனிதனின் உடம்புச் சூடும் மூச்சும் அதற்கு வழிகாட்டி. போர்வைக்கு வெளியே இருப்பது முகம்தானே, அதனால் கண்ணிமையிலும் உதட்டிலும் குடிக்கும். விடிந்ததும் பார்த்தால் உதடு வாழைப்பூவாகத் தொங்கும்.

தென் அமெரிக்காவில் இதன் பங்காளிகள் ஒரு நோயைப் பரப்புகின்றன என்று புத்தகம் சொன்னது. நோய் கடியில் இல்லை. குடித்து முடித்த பூச்சி அந்த இடத்திலேயே கழித்துவிட்டுப் போகும். தூங்குகிறவன் சொறிந்து சொறிந்து அந்தக் கழிவைத் தானே காயத்துக்குள் தேய்த்துக்கொள்வான். பல வருடம் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு நாள் இதயம் வீங்கி நின்றுபோகும். நம் பக்கத்துப் பூச்சியிடம் அந்தக் கிருமி இல்லை என்றும் அடுத்த பக்கத்தில் போட்டிருந்தது. ஆனால் குடித்த இடத்திலேயே கழித்துவிட்டுப் போகும் பழக்கம் இதற்கும் உண்டு. இரண்டு ராஜாங்கத்தின் கீழ் இருந்தவர்கள் நாங்கள், எங்களுக்கு அது புதிய பழக்கமாகத் தெரியவில்லை.

3

எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்து ஊர் திகாம் பத்து. ஒரு நாள் காலை அங்கே ரேஷனுக்கு வரிசை. அம்மாவும் அடுத்த வீட்டு அஞ்சலையும் நின்றார்கள். அவர்களுக்கு இரண்டு ஆள் தள்ளி, நிழலில், சந்தனம் நின்றிருந்தான். சண்டைக்கு முன் சுங்கைப் பட்டாணியில் துணிக்கடையில் கிழித்துக் கொடுத்தவன். மூன்று மாதம் ஜப்பான் பாஷை படித்து, திகாம் பத்துக் காவல் நிலையத்தில் துபாஷியாகச் சேர்ந்துவிட்டான். ஜப்பான் பாஷைக்கு அவர்கள் சொல் நிப்பொங்கோ, அதனால் 'நிப்பொங்கோ சந்தனம்' என்று ஊர் பேர் வைத்திருந்தது. அவன் காதில் விழுந்தது இது:

"பரண்ல மூட்டை நெறஞ்சி கெடக்கு அஞ்சல. ராத்திரில தூக்கமே இல்ல."

"எங்க வீட்லயும் இருக்குக்கா. ஆனா உங்க வீட்டு மூட்டை பெரிசு."

"பெரிசா? ஒவ்வொண்ணும் அப்படியே உப்பிப் போயி! எங்கேருந்துதான் இவ்வளவு சேந்துச்சோ."

"அண்ணன் ஒண்ணும் சொல்லலியா?"

"அவருக்கென்ன, பக்கத்துலயே படுத்துக்கிட்டு சொகமா தூங்குறாரு."

லயத்தில் வளர்ந்த யாரும் இதைத் தவறாகக் கேட்கமாட்டார்கள். ஆனால் வயிறு காய்ந்தவன் காதில் மூட்டை என்று விழுந்தால் அரிசி மூட்டைதான். அரிசி பதுக்குவது அப்போது பெரிய குற்றம். சந்தனம் நேரே போய்க் காவல் நிலையத்து ஜப்பான் அதிகாரியிடம், மூட்டைக்கு ஜப்பான் சொல் தெரியாமல், மலாயில் 'கூனி' என்று சொன்னான். அதிகாரிக்கு அரைகுறை மலாய் தெரியும், 'துவான்', அதாவது துரை, என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். கூனி என்றால் சாக்குமூட்டை. நம்முடைய கோணிதான் கப்பலேறி வந்து அப்படி ஆனது என்று நினைக்கிறேன். நம் ஊர்ச் சொல்லே நம் வீட்டுக்கு ஆள் அனுப்பியது.

4

நான் ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிவந்தபோது எங்கள் பரண் முற்றத்தில் கிடந்தது. அப்பா மண்டியிட்டிருந்தார். அவர் பேர் ரெங்கசாமி. ரப்பர்ப் பால்மரம் வெட்டி என்னைப் படிக்க வைத்தவர், அதிர்ந்து பேசாதவர். பரணில் ஒரு மணி அரிசி இல்லை. இருந்தது காய்ந்த கிழங்கு, எலிப் புழுக்கை, ஒரு கட்டு காலிச் சாக்கு. அந்தக் காலத்தில் சாக்குதான் எங்களுக்குப் போர்வை, பாவாடை, மழைக் கோட்டு. அம்மா தைப்பதற்காகச் சேர்த்து வைத்திருந்தாள்.

அதிகாரி சாக்கைப் பூட்ஸ் காலால் தள்ளி, "அப்பா இனி?" என்று கத்தினார்.

மலாயில் 'அப்பா இனி' என்றால் 'இது என்ன' என்று அர்த்தம். எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து கேட்கும் சொல். ஆனால் அன்றைக்கு அது தமிழாகத்தான் கேட்டது. அப்பா, இனி?

"சாக்கு இங்க இருக்கு. அரிசி எங்கன்னு கேக்குறாரு," என்றான் சந்தனம். "யாருக்கு வித்த?"

"அரிசியே இல்லீங்க," என்றார் அப்பா.

"அப்ப உங்க வீட்டம்மா சொன்ன மூட்டை?"

"அது கடிக்கிற மூட்டைங்க."

சந்தனம் அதை மொழிபெயர்க்கவில்லை. கடிக்கிற சாக்கு என்று எந்தப் பாஷையில் சொல்வான்? அதிகாரி அப்பாவின் வாயில் அறைந்தார். அவரையும் சாக்குக் கட்டையும் ஒரே லாரியில் ஏற்றினார்கள். சாக்குக் கட்டைத்தான் பார்த்து ஏற்றினார்கள்.

5

மறுநாள் காவல் நிலையத்துக்குப் போனேன். சந்தனம் வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, எங்கம்மா சொன்னது மூட்டைப்பூச்சி."

"பூச்சின்னு சொன்னாங்களா? நான் காதால கேட்டேன் தங்கச்சி. மூட்டைன்னுதான் சொன்னாங்க."

"உங்க வீட்ல அத என்னான்னு சொல்லுவீங்க?"

"எங்க வீட்ல அதெல்லாம் கெடையாது."

பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். "இப்ப போயி தப்பா சொல்லிட்டேன்னு சொன்னா, உங்கப்பா எடத்துல நான் ஏறணும் லா. வெள்ளிக்கிழம சயாம் லாரி வருது."

சயாமில் ரயில் பாதை போட எங்கள் ஆட்களைக் கொண்டுபோனார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வந்ததில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அப்பா வெளியே வராவிட்டால் அவ்வளவுதான். அவனிடம் கெஞ்சுவதற்கு வாய் வரவில்லை, எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"எங்க சாக்க என்னண்ணே பண்ணீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"பயப்படாத, பத்திரமா இருக்கு. சாக்குக்கு இப்ப என்னா கிராக்கி! எவனாச்சும் திருடிருவான்னு துவான் தன் ரூம்லயே வெச்சிருக்காரு. கட்டிலுக்கு அடில."

"தலமாட்டுலயா, கால்மாட்டுலயா?"

"தலமாட்டுல. ஏன்?"

"சும்மாத்தான்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பரணில் எலி இருந்தவரை அந்தப் பூச்சிகளுக்குச் சாப்பாடு பக்கத்திலேயே இருந்தது. இப்போது எலியை விட்டுவிட்டு மூட்டையை மட்டும் கொண்டுபோயிருக்கிறார்கள். சாக்கின் தையலுக்குள் தூசியைப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குஞ்சுகளை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள், பகலில் அவை அசையாது. விளக்கை அணைத்ததும் சூடும் மூச்சும் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்து ஏறும். அந்த அறையில் சூடும் மூச்சும் ஒருவருக்குத்தான் இருந்தன. ராஜாங்கத்தின் மேலும் சாமியின் மேலும் எனக்கு அன்றைக்கு நம்பிக்கை இல்லை. பூச்சியின் மேல் இருந்தது. "என்னடி, கல்லு மாதிரி உக்காந்திருக்க, எங்கயாச்சும் ஓடு, யாரையாச்சும் பாரு," என்று அம்மா திட்டினாள். ஆள் போட்டிருக்கிறேன் என்று சொன்னால் அவளுக்குப் புரிந்திருக்காது.

6

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குக் காவலாள் வந்தான். துவானுக்கு முகம் வீங்கிவிட்டது, டிரஸர் உடனே வர வேண்டும். டிரஸர் ஐயா ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தடிப் புத்தகத்தையும் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டையும் எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன்.

"கண்ணு, அங்க வாய வெச்சிக்கிட்டு சும்மா இரு," என்றார் வழியெல்லாம்.

அதிகாரியின் ஒரு கண் மூடியிருந்தது. மேலுதடு மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. 'பக்கெரோ' என்பது அவர்களுடைய கெட்ட வார்த்தை. எங்களைக் கூப்பிடும் பெயராகவே அதை வைத்திருந்தார்கள். அன்றைக்கு அவர் எவ்வளவு முயன்றும் அது 'பப்பெயோ' என்றுதான் வெளியே வந்தது. சந்தனம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சிரித்திருந்தால் செத்திருப்பான்.

நான் கட்டிலுக்கு அடியிலிருந்து சாக்குக் கட்டை இழுத்து, தையலைப் பிரித்து, இடுக்கியால் ஒன்றை எடுத்தேன். நன்றாகக் குடித்து உருண்டிருந்தது. தட்டில் வைத்து அழுத்தினேன். வெள்ளைத் தட்டில் ரத்தம் ஓடியது.

"இது துவானுடைய ரத்தம்," என்றேன் மலாயில். பிறகு, பூச்சி என்பதற்கு எனக்குத் தெரிந்த அவர்கள் சொல்லைச் சொன்னேன். "முஷி."

"முஷி?" என்றார் அதிகாரி.

"ஆமாம். எங்கள் பாஷையில் இதற்குப் பெயர் மூட்டை. எங்கள் பரணில் நிறைய இருந்தது. அம்மா ரேஷன் வரிசையில் சொன்னது இதைத்தான். நீங்கள் கேட்ட மூட்டை இதுதான், கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துக்கொண்டீர்கள்."

அதிகாரி சந்தனத்தைத் திரும்பிப் பார்த்தார். "மூட்டை?" என்றார்.

"ரெண்டுக்கும் அதே சொல்லுதான் துவான்," என்றான் சந்தனம். அறை விழுந்தது. துணிக்கடையில் கிழிபடும் மல் துணியின் சத்தம் கேட்டது.

அப்போதும் அவர் அப்பாவை விடச் சொல்லவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது நோய் தருமா?" என்று கேட்டார். நான் புத்தகத்தைத் திறந்து படத்தைக் காட்டினேன். தென் அமெரிக்காவைப் பற்றிய பக்கத்தை, வரி வரியாக, மலாயில் சொன்னேன். கழிவைச் சொன்னேன். சொறிவதைச் சொன்னேன். அவர் கை உதட்டிலிருந்து சட்டென்று இறங்கியது. இதயம் வீங்குவதைச் சொன்னேன்.

"எத்தனை இருக்கின்றன இந்த அறையில்?"

"எனக்குத் தெரியாது. இந்நேரம் சுவருக்குள் போயிருக்கும். எங்கே ஒளியும், எப்படிப் பிடிப்பது என்று என் அப்பாவுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அவர்தான் பிடிப்பார். ஆனால் அவர் நாளைக்கு சயாமுக்குப் போகிறாரே."

அப்பாவைக் கூட்டிவந்தார்கள். உதடு பிளந்திருந்தது. அதிகாரியின் உதட்டையும் அவர் பார்த்தார். என்னிடம் இடுக்கியை வாங்கிக்கொண்டு, கட்டில் கால், பலகைச் சந்து, மாட்டியிருந்த சக்கரவர்த்தி படத்தின் பின்புறம் என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டார். படத்தை எடுக்கும் முன் எல்லாரும் அதற்கு ஒரு கும்பிடு போட வேண்டியிருந்தது. பின்னால் நான்கு குஞ்சுகள் இருந்தன.

அப்பா வீட்டுக்குப் போகலாம், வாரத்துக்கு ஒரு நாள் வந்து அறையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று உத்தரவானது. குற்றமில்லை என்று யாரும் சொல்லவில்லை.

அப்பா வாசலைத் தாண்டிய பிறகு அதிகாரி என்னைக் கூப்பிட்டார். குரல் சின்னதாகிவிட்டது. "சாயா மாத்திகா?" நான் செத்துப்போவேனா?

டிரஸர் என் காலை மிதித்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன்.

"பல வருடம் கழித்துத்தான் தெரியும் என்று போட்டிருக்கிறது, துவான்."

அடுத்த பக்கத்தை நான் திருப்பவில்லை.

வெளியே வந்ததும் டிரஸர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "மறுபக்கத்துல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் ஐயா. கேட்டாரா அவரு?"

7

அந்த வெள்ளிக்கிழமை லாரி காலியாகப் போகவில்லை. அப்பாவின் இடத்தில் யாரோ ஏறியிருப்பார்கள். யார் என்று அப்பா விசாரிக்கவில்லை. நானும் விசாரிக்கவில்லை. எங்கள் வீட்டில் பேசாத விஷயங்களில் அது முதலாவது, மூட்டை இரண்டாவது.

அதற்குப் பிறகு அதிகாரி ஆஸ்பத்திரிக்குத் தவறாமல் வந்தார். சட்டையைக் கழற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். டிரஸர் ஐயா ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்பார். பயந்த மனிதர்தான், ஆனால் போகப் போக அவருக்கும் தைரியம் வந்துவிட்டது. ஒரு நாள் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு, "துவான், கோபம் கூடாது. கையை ஓங்கினால் இதயத்துக்கு ஆகாது," என்றார். அது எந்தப் பக்கத்திலும் இல்லை. திகாம் பத்தில் சனங்கள் கன்னத்தில் அறை வாங்குவது குறைந்தது. என்ன நடந்தது என்று ஊருக்குத் தெரியாது. முனியாண்டி கோவிலில் போட்ட பூசை பலித்துவிட்டது என்றார்கள். நான் திருத்தவில்லை.

சண்டை முடிந்த பிறகு சரணடைந்தவர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஊரே ரோட்டோரம் நின்று பார்த்தது. என் தங்கை ஒவ்வொரு லாரியாக எண்ணிக்கொண்டிருந்தாள்: இச்சி, நி, சான். ஜப்பான் பள்ளிக்கூடத்தில் எண்ணப் படித்தவள், தமிழில் சொல் என்றால் மூன்றுக்கு மேல் மலாய்க்குத் தாவிவிடுகிறாள். ஊரிலிருந்து யாராவது வந்து அவளிடம் பேச்சுக் கொடுத்தால் நான்தான் துபாஷி.

ஒரு லாரி எங்களுக்கு நேரே வந்து நின்றது. பின்வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். கத்தி இல்லை, பூட்ஸ் இல்லை. எங்களைப் பார்த்தாரா தெரியாது. வலது கையை நெஞ்சின் இடப்பக்கம் அழுத்தி வைத்திருந்தார்.

"என்னடி இது," என்றாள் அம்மா, "நெஞ்சுல கைய வெச்சி நமக்கு சலாம் போடுறானா?"

"சலாம் இல்லம்மா. துடிக்குதான்னு பாத்துக்கறாரு."

லாரி கிளம்பியது. அம்மா அது தூசியில் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"துடிக்கட்டும்," என்றாள்.